பால்வாடியில் குழந்தையின் ஒரு நாள் எப்படி இருக்கணும்? சென்னையில் சிக்கிக்கொண்ட மாண்டிசோரியின் கதை

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். இந்த ஊரோ, தமிழ்நாட்டின் வேறு எந்த ஊரோ, காலையில் பால்வாடி திறந்ததும் டீச்சர் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான். இத்தனை வாண்டுகளையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்வது? அ, ஆ எழுத வைப்பதா, சும்மா விளையாட விடுவதா?

நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு டைம்டேபிள் போட்டுப் பார்த்தவர் மரியா மாண்டிசோரி.

யார் இவர்?

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாரவல்லேயில் பிறந்தவர். 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்தபோதுதான் கல்வியின் பக்கம் திரும்பினார்.

1898-ல் மகன் மரியோ பிறந்தான். மரியாவுக்குத் திருமணம் ஆகவில்லை. அந்தக் காலச் சமூகத்துக்குப் பயந்து குழந்தையை வேறொரு குடும்பத்தில் வளர விட வேண்டியதாயிற்று. டீன்ஏஜில்தான் மகன் அம்மாவிடம் வந்து சேர்ந்தான்.

அந்த டைம்டேபிளில் என்ன இருந்தது?

1907 ஜனவரி 6-ல் ரோமின் ஏழைத் தொழிலாளர் பகுதியான சான் லோரென்சோவில் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. அப்பா, அம்மா வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் கட்டிடத்தை நாசம் செய்யாமல் பார்த்துக்கொள்ளணும். கட்டிட நிர்வாகம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

மரியா அங்கே ஒரு நாளை இப்படிப் பிரித்தார்:

- காலை 9 மணி: வணக்கம் சொல்வது, கை, நகம் சுத்தம் பார்ப்பது, ஒருவருக்கொருவர் ஏப்ரன் மாட்டிவிடுவது, அறையில் தூசி தட்டுவது, நேற்று நடந்ததைப் பேசுவது.
- 10 மணி: தொட்டு, பார்த்து, அடுக்கிக் கற்கும் பொருட்கள். நடுவே சின்ன ஓய்வு.
- 11 மணி: எளிய உடற்பயிற்சி. பிறகு சாப்பாடு.
- 12 மணி: இஷ்டப்படி விளையாட்டு. அடுத்த ஒரு மணி நேரம் டீச்சர் நடத்தும் விளையாட்டு.
- 2 மணி: களிமண் வேலை, படம் வரைதல்.
- 3 மணி: பாட்டு, செடிகளையும் பிராணிகளையும் கவனிப்பது. 4 மணிக்கு வீடு.

ஒரு நாள் டீச்சர் லேட். அலமாரியும் பூட்டாமல் கிடந்தது. குழந்தைகள் தாங்களே பொருளை எடுத்து வேலையில் இறங்கிவிட்டார்கள். இதை மரியா திருட்டாகப் பார்க்கவில்லை, தேர்வாகப் பார்த்தார். அதன் பிறகுதான் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகள் வந்தன. பின்னாளில் மணிக்கணக்கைத் தளர்த்தி, இடையூறு இல்லாத நீண்ட வேலை நேரத்தை வலியுறுத்தினார்.

சென்னையில் என்ன நடந்தது?

1939 நவம்பரில், 69 வயதில், மரியோவோடு அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். சில மாதப் பயணமாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் எல்லாம் தலைகீழானது. ஆங்கிலேய அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர்கள். மரியோ அகமது நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியாவின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு. 70-வது பிறந்தநாளை ஒட்டித்தான் மகன் விடுதலையானார்.

அதன் பிறகு கொடைக்கானலில் பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்து வேலை செய்தார்கள். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவும் உடனிருந்தார். 1946-ல் ஐரோப்பா திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

இப்போது ஏன் இந்தக் கதை?

தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை இது. இன்று மாண்டிசோரி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஃபீஸ்தான். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது, மாண்டிசோரி முறை என்ற பெயர் மறுபடி அரசு மையங்களுக்கு வந்தது.

விலை உயர்ந்த மரப் பொருட்கள் எல்லா ஊருக்கும் வந்து சேராமல் போகலாம். ஆனால் தாழ்வான அலமாரி, கை கழுவ ஒரு குவளை, தண்ணீர் ஊற்ற ஒரு செடி, தினமும் ஒரே வரிசையில் நடக்கும் வேலைகள்... இதற்குப் பெரிய செலவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் குழந்தையே வைக்கும்வரை டீச்சர் பொறுமையாகக் காத்திருக்கணும். அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.