பீரா இளவரசர்

சயாம் மன்னர் மொங்குட்டின் பெயரரான பீரா 1914ஆம் ஆண்டு பாங்கொக் நகரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தவர். இங்கிலாந்தின் ஈற்றன் கல்லூரியிற் கற்கும்போது 1928இல் தந்தையையும் இழந்தார். முறையில் மகனாக வேண்டிய சூலா இளவரசர், வயதில் மூத்தவராதலின், அவருக்குக் காவலராயினார். இருபத்தோராம் பிறந்தநாட் பரிசாகச் சூலா அளித்த ‘ரோமுலஸ்’ என்னும் மோட்டார் வண்டியே பீராவின் புகழுக்கு வித்து. 1936இல் மொனாக்கோவில் அவ்வண்டியிலேயே வெற்றி கண்டார். சிற்பக் கலையும் பயின்றவர் என்பதைப் பலர் அறியார்.

போருக்குப் பின், ஐரோப்பியப் பந்தயங்களுக்குத் தம் விமானத்தைத் தாமே செலுத்திக் கடல் கடந்து செல்வார். பந்தயத்தினும் பறத்தலே அவர்க்கு உவப்பு என்று எண்ணத் தோன்றும். 1952இல் இலண்டனிலிருந்து பாங்கொக் வரை தமது இரட்டை எந்திர விமானத்திலேயே பறந்தார். 1955இல் நியூசிலாந்துப் பெரும் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அது நடந்த ஆர்ட்மோரும் ஒரு விமானத்தளமே. அவ்வாண்டே பந்தய வாழ்வை விடுத்தார். பின்னர் பாய்க்கப்பலோட்டியாக நான்கு ஒலிம்பிக் விழாக்களிற் பங்குபற்றினார்.

1985 மார்கழி 23இல் இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரத நிலையமொன்றில் மாரடைப்பால் வீழ்ந்து இறந்தார். இன்னாரென அறிவார் அங்கு எவருமிலர். சட்டைப் பையிலிருந்த தாய்லாந்து மொழிக் கடிதமொன்றே அவரை அடையாளங் காட்டிற்று.