யொஹான்னெஸ் ஸ்டார்க்

யொஹான்னெஸ் ஸ்டார்க் (ஏப்ரல் 15, 1874 - ஜூன் 21, 1957) ஒரு ஜெர்மானிய இயற்பியலாளர் ஆவார். 1919 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர். படிகங்களில் விரைவுத் துகள்கள் செல்லும் விதம் பற்றி இவர் கூறிய கருத்து, அரை நூற்றாண்டுக்குப் பின் கணினிப் பாவனையாக்கம் மூலம் உறுதிப்பட்டது.

வாழ்க்கை

பவேரியாவிலுள்ள ஷிக்கன்ஹோஃப் என்னும் ஊரில் பிறந்தார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1897 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹனோவர், ஆஹன், கிரைஃப்ஸ்வால்ட், வூர்ட்ஸ்பர்க் ஆகிய இடங்களில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஆய்வுகள்

1905 இல், மின்னிறக்கக் குழாயில் தோன்றும் கால்வாய்க் கதிர்களில் டாப்ளர் விளைவைக் கண்டறிந்தார். 1913 இல், மின்புலத்தில் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதைக் கண்டார். இது ஸ்டார்க் விளைவு எனப்படுகிறது.

படிகத்தில் துகள்கள்

படிகத்தில் அணுக்கள் ஒழுங்கான வரிசைகளில் அமைந்துள்ளன. எனவே சில திசைகளில் நுழையும் துகள்கள் குறைவாகச் சிதறி, ஆழமாக ஊடுருவும் என 1912 இல் ஸ்டார்க் கருதினார். அதே ஆண்டில் படிகங்களில் எக்சு-கதிர் விளிம்பு விளைவு கண்டறியப்பட்டது. ஆய்வாளர்களின் கவனம் அதன்பால் சென்றது. ஸ்டார்க்கின் கருத்து மறக்கப்பட்டது.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ராபின்சன், ஓயன் ஆகியோர் படிகத்தினுள் செம்பு அணுக்கள் வேகமிழப்பதைக் கணினியில் பாவனை செய்தனர். அணுவின் தொடக்க நிலை தற்போக்காகத் தெரிவு செய்யப்பட்டு, மோதல்கள் ஒவ்வொன்றாகக் கணிக்கப்பட்டன. சில அணுக்கள் எதிர்பார்த்ததைவிட மிகத் தொலைவு சென்றன. அணு வரிசைகளுக்கு இடையேயுள்ள வெளியில் அவை வழிநடத்தப்பட்டதே காரணம். இது சேனலிங் எனப் பெயர் பெற்றது. 1963 இல் முடிவுகள் வெளியானபோது ஸ்டார்க் உயிருடன் இல்லை. 2023 இல் செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில், கன அயனிக் கற்றையின் சிதறிய துகள்களை விலக்க வளைந்த படிகங்கள் இவ்விளைவின் அடிப்படையில் பயன்பட்டன.

அரசியல்

1907 இல், தாம் நடத்திய ஆய்விதழுக்காகச் சார்புக் கோட்பாடு பற்றி எழுதுமாறு ஐன்ஸ்டீனைக் கேட்டவர் ஸ்டார்க்கே. பின்னாளில் அவரே அக்கோட்பாட்டை யூத அறிவியல் எனப் பழித்தார். 1930 இல் நாட்சி கட்சியில் சேர்ந்தார். பிலிப் லெனார்டுடன் இணைந்து ஜெர்மானிய இயற்பியல் எனும் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். 1937 இல் எஸ். எஸ். அமைப்பின் இதழில் ஐசன்பர்க்கைத் தாக்கி வெளிவந்த கட்டுரைக்குத் துணைநின்றார். ஸ்டார்க் விளைவை விளக்கிய குவாண்டம் கோட்பாட்டையும் எதிர்த்தார்.

போருக்குப் பின், 1947 இல் இவருக்கு நான்கு ஆண்டுகள் உழைப்பு முகாம் தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. 1957 இல் பவேரியாவின் டிரவுன்ஸ்டைனில் காலமானார்.