வங்காளப் புலி

காலேஜ் தெருவில் ஆசுதோஷ் கட்டிடத்தின் படிகளில் தினமும் ஏறி இறங்குகிறோம். இந்த ஆசுதோஷ் யார் என்று, ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னைக் கேட்டார். யாரோ ஒரு ஜட்ஜ் என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். அந்த அரைகுறைப் பதில் மனத்தை உறுத்தியதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசுதோஷ் முகர்ஜி 1864-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1885-ல் கணிதத்திலும், மறு ஆண்டே பௌதிகத்திலும் எம்.ஏ. தேறினார். நாட்டமெல்லாம் கணித ஆராய்ச்சியில்தான். ஆனால் 1857-ல் தோன்றிய நம் பல்கலைக் கழகம் அந்நாளில் பரீட்சை வைத்துப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. அவர் சட்டத்தின் பக்கம் திரும்பினார். 1904-ல் ஹைகோர்ட் நீதிபதியானார்.

1906 முதல் 1914 வரை துணைவேந்தர் பொறுப்பும் அவர் தோளில். பகலெல்லாம் கோர்ட்டு, மற்ற நேரமெல்லாம் பல்கலைக் கழகம்! தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரு வக்கீல்கள் வாரி வழங்கிய நிதியைக் கொண்டு, 1914-ல் விஞ்ஞானக் கல்லூரிக்கு அஸ்திவாரமிட்டார்.

பணம் வந்தது, ஆள் வேண்டுமே! சர்க்கார் நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஆபீஸ் நேரம் போக பௌபஜார் தெருவில் பரிசோதனைகள் செய்துவந்த நம் ராமன் அவர் கண்ணில் பட்டார். பாலித் பேராசிரியராக வருபவர் அயல்நாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகக் கப்பலேற ராமன் மறுத்தார். ஆசுதோஷ் ஆளை மாற்றவில்லை, நிபந்தனையைத் தளர்த்தினார். 1917-ல் ராமன் குறைந்த சம்பளத்துக்கு இங்கே வந்தார். 1921-ல் மைசூரிலிருந்து ராதாகிருஷ்ணனைத் தத்துவப் பேராசிரியராக அழைத்து வந்தவரும் ஆசுதோஷ்தான். ராமனை நம்மவர் என்று மார்தட்டும் நாம், அவரைக் கண்டெடுத்த வங்காளியை மறக்கலாமா?

எல்லாவற்றையும் தம் பிடிக்குள்ளேயே வைத்திருந்தார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1922-ல் கஜானா வறண்டு கிடந்த வேளையில், கட்டுப்பாடுகளோடு சர்க்கார் நீட்டிய பணத்தை வேண்டாமென்று தள்ள அந்தப் பிடிவாதம்தான் உதவியது. சொன்னபடி நடந்தால் மீண்டும் துணைவேந்தர் பதவி என்று 1923-ல் கவர்னர் லிட்டன் பிரபு எழுதினார். ஆசுதோஷ் காரமாகப் பதில் எழுதி, பதவியை உதறினார்.

மறு ஆண்டு மே மாதம், ஒரு வழக்குக்காகப் பாட்னா சென்ற இடத்தில் காலமானார். ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1930-ல்.