மேட்டில் இறங்கித் தள்ளுகிறவர்களுக்காக வாதாடியவர்

நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிக்கு மேல் கியர் சைக்கிள்கள். டயரில் காற்று இல்லை, கியர் கேபிள் துருவேறிக் கிடக்கிறது. சொந்தக்காரர்களைக் கேட்டால், இந்த வயதில் இனி எங்கே ஓட்டுவது என்கிறார்கள். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும் என்பதால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன், அந்தக் கியருக்காக வாழ்நாளில் பெரும்பகுதி வாதாடிய ஒரு மனிதரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் போல் தெ விவி. 1853இல் தெற்குப் பிரான்சில் பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். தொழில் பட்டு வியாபாரம். அதற்காகவே செயிந்த் எத்தியென் நகரில் வந்து குடியேறினார். நிலக்கரி, துப்பாக்கி, பட்டு ரிப்பன் என்று மூன்றுக்கும் பெயர்போன நகரம் அது. சுற்றிலும் மலை. எந்தப் பக்கம் ஊரைவிட்டுக் கிளம்பினாலும் ஏற்றம்தான்.

முதல் சைக்கிளை அவர் வாங்கியது 1881இல், 28 வயதில். முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் தட்டளவும் இருந்த காலம் அது. ஆறு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் ஓட்ட முடியுமா என்று நண்பர் ஒருவர் சவால்விட, ஷேஸ் தியூ என்ற மலையூர்ப் பக்கம் ஓட்டிக் காட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதோடு பட்டு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. 1887இல் அதை விட்டுவிட்டு சைக்கிள் கடை திறந்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்து வண்டிகளைத் தருவித்து விற்றார். கோவென்ட்ரியும் பட்டு ரிப்பன் நெசவு நொடித்தபின் சைக்கிள் தொழிலுக்கு மாறிய ஊர்தான் என்பது தற்செயலான பொருத்தம். அதே ஆண்டில் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கினார். அதில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் வெலோசியோ. இன்று உலகம் அவரை அறிவது அந்தப் பெயரால்தான்.

கடைக்காரர் பத்திரிகை நடத்தினால் தன் சரக்கைப் புகழ்வார் என்றுதான் நாம் நினைப்போம். வெலோசியோ அப்படி இல்லை. புதிதாக எது வந்தாலும் தாமே மலைமேல் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருந்தால் நன்று, இல்லாவிட்டால் இல்லை என்று எழுதினார். சொந்தத் தயாரிப்பான ‘கோலுவாஸ்’ வண்டியையும் அப்படித்தான் மாற்றி மாற்றிப் பார்த்தார். செயிந்த் எத்தியெனிலிருந்து ரிபப்ளிக் கணவாய்க்குப் போகும் சாலைதான் அவருடைய சோதனைக்கூடம். கணவாயின் உயரம் 1161 மீட்டர். ஊரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தூரம், விடாத ஏற்றம்.

இங்கே சிறிது கணக்கு. முன்னால் 44 பல், பின்னால் 16 பல் இருந்தால், பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது வண்டி ஏறத்தாழ 5.8 மீட்டர் நகரும். சமதளத்தில் இது சுகம். அதே கியரில் மலையேறினால் தொடை எரியும், முட்டி வலிக்கும், கடைசியில் இறங்கித் தள்ளுவீர்கள். பின்னால் 28 பல் உள்ள சக்கரத்துக்குச் செயினை மாற்றிவிட்டால் ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர்தான் நகரும். வேகம் குறையும், ஆனால் கால் அதே தாளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வெலோசியோவின் வாதம் இவ்வளவுதான். மனிதனின் கால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் களைக்காமல் உழைக்கும். எனவே சாலை மாறும்போது மாற வேண்டியது வண்டி, கால் அல்ல.

அவருடைய முதல் ஏற்பாட்டில் முன்னால் இரண்டு பல்சக்கரங்கள். இறங்கி நின்று, கையால் செயினைத் தூக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். பிறகு வண்டியின் இரு பக்கமும் செயின் வைத்துப் பார்த்தார். ஓடும்போதே செயினைத் தள்ளி மாற்றும் டிரெய்லர் என்ற கருவியை அவர் மட்டும் கண்டுபிடித்துவிடவில்லை. ஊரிலிருந்த பட்டறைக்காரர்கள் பலர் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அவர்கள் செய்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, ஊரறிய எழுதியவர் இவர்.

எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? பந்தய வீரர்களும் பத்திரிகைக்காரர்களும் கேலி செய்தார்கள். ஒரே கியரில் மலையேறுவதுதான் ஆண்மை, கியர் மாற்றுவது பலவீனம் என்பது அவர்கள் எண்ணம். 1902இல் இதற்கு ஒரு பரீட்சை நடந்தது. மலைப்பாதையில் சுமார் 240 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஒற்றைக் கியர் வண்டியில் எதுவார் ஃபிஷர் என்ற பந்தய வீரர். மறுபக்கம் மூன்று கியர் கோலுவாஸில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி. அவர் எங்கும் காலைத் தரையில் ஊன்றாமல் முழுத் தூரத்தையும் முடித்து ஜெயித்தார். அத்தோடு வழக்குத் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மறு ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், கியர் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குத்தான் வேண்டும் என்று எழுதி ஒதுக்கினார். அந்த முதல் பந்தயமே வெலோசியோவின் ரிபப்ளிக் கணவாய் வழியாகத்தான் போனது. டூரில் டிரெய்லருக்கு அனுமதி கிடைத்ததோ 1937இல்தான்.

வெலோசியோ பந்தயத்துக்காக வாதாடவில்லை. அவர் மனத்தில் இருந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்: ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, மலை தாண்டி, அடுத்த ஊரைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஒல்லி டயரும் கடினக் காற்றும்தான் வேகம் என்று எல்லாரும் நம்பியபோது, கரடுமுரடான சாலைக்கு அகலமான, மெத்தென்ற டயரே உடம்பைக் காப்பாற்றும், வேகமும் குறையாது என்றார். இன்று அட்வென்ச்சர் சைக்கிள் என்று விற்பவற்றின் டயரைத் தொட்டுப் பாருங்கள்.

நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அவர் சொன்னவற்றில் எனக்குப் பயன்பட்டவை இவை: அடிக்கடி நிறுத்தாதே, நிறுத்தினாலும் நெடுநேரம் நிற்காதே. பசியும் தாகமும் வரும்வரை காத்திராதே. சாப்பிடவோ தூங்கவோ முடியாத அளவுக்கு உடம்பைக் கசக்காதே. பிறர் பார்க்கிறார்கள் என்பதற்காக வேகம் பிடிக்காதே. இதில் கடைசியானதை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். பாலத்தில் ஒரு கல்லூரிப் பையன் முந்திப் போனால் கால் தானாக வேகம் பிடிக்கிறது.

அவர் சைவ உணவுக்காரர். பயணத்தில் மதுவும் புகையிலையும் கூடாது என்பார். இரவு முழுக்க ஓட்டி, விடியலை மலைமேல் பார்ப்பது அவருக்குப் பிடித்தமானது. ஈஸ்டர் விடுமுறை வந்தால் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, இன்னும் குளிர் விடாத செயிந்த் எத்தியெனிலிருந்து, தாம் பிறந்த தெற்குச் சீமையின் வெயிலைத் தேடிக் கிளம்பிவிடுவார். எஸ்பெராந்தோ மொழியிலும் ஈடுபாடு உண்டு. இத்தனை ஆர்வங்கள் உள்ளவரோடு குடும்பம் நடத்துவது எளிதாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

1922 முதல், அவரைக் கௌரவிக்க ஊரார் ஆண்டுக்கொருமுறை ரிபப்ளிக் கணவாய்க்குச் சைக்கிளில் ஏறினார்கள். 1930இல், 76 வயதில், செயிந்த் எத்தியென் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துபோனபோது, வந்த காருக்கு வழிவிடப் பின்னால் நகர்ந்தார். டிராம் மோதி இறந்தார். எத்தனையோ மலையிறக்கங்களில் பிழைத்தவர், கடைசியில் சொந்த ஊர்த் தெருவில்.

கணவாயில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் பெயரில் ‘வெலோசியோ அம்பு’ என்ற பயணத்தை 1947 முதல் ஈஸ்டர் சமயத்தில் நடத்துகிறார்கள். மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழு, 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கிலோமீட்டர் ஓட்டி, தெற்கே ப்ரோவான்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும். தனியாக ஓட்டி வந்தால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.