சேர்ந்து பாடச் சொன்னவர்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த நமக்குப் பாட்டு என்றால் மேடை நடுவே ஒருவர், பக்கத்தில் பிடிலும் மிருதங்கமும், எதிரே நாம். சண்முகானந்தா மண்டபத்தின் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பழகிய கை நமது கை. தாராவிப் பக்கம் போனால் காட்சி சற்று மாறும். நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் தேவாலயங்களில் பாடகர் குழு என்று ஒன்று உண்டு. ஆணும் பெண்ணும் வரிசையாய் நின்று ஒருமித்துப் பாடுவர். பஜனை மடங்களிலும் ஊரே சேர்ந்து பாடுகிறது. ஆயினும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் வெளியே, சாதியும் சமயமும் பாராமல் பலர் கூடி நின்று பாடுவதே ஒரு கலை என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

சேர்ந்திசை விழா ஒன்றுக்கு நம் மன்றத்திலிருந்தும் ஒரு குழுவை அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தபோது, பத்துப் பேரில் எட்டுப் பேர் தமக்குக் குரல் இல்லை என்று சொல்லி நழுவிவிட்டனர். நழுவியவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. குரல் இல்லை என்பவர்களைத் தேடிப் பிடித்துப் பாட வைத்த ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கிறார். அவர் எம்.பி. சீனிவாசன்.

மானாமதுரையைப் பெயரின் முதலெழுத்தில் சுமந்த அவர் பிறந்தது சித்தூரில், 1925 செப்டம்பர் 19 அன்று. படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. கல்லூரி மாணவர் இயக்கம் அவரை ஈர்த்தது, மாணவர் தலைவரானார், பொதுவுடைமைக் கொள்கையில் பற்று வைத்தார். அப்பற்று இறுதிவரை தளரவில்லை. பிறகு தில்லி சென்று, பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராகப் பணியாற்றினார்.

தில்லி அவருக்கு இரண்டு செல்வங்களைத் தந்தது. ஒன்று, வாழ்க்கைத் துணை. 1919இல் எவருடைய கைதை எதிர்த்து அமிர்தசரசு மக்கள் திரண்டார்களோ, எந்தத் திரளின் தொடர்ச்சியாக ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததோ, அந்தத் தலைவர்களுள் ஒருவரான சைபுதீன் கிச்சுலுவின் மகள் ஜஹீதாவை அவர் மணந்தார். மதம் வேறு, மொழி வேறு, மனம் ஒன்று. மற்றது, மக்கள் கூடிப் பாடும் பாட்டு. 1943 மே மாதத்தில் நம் பம்பாயில் பிறந்த இந்திய மக்கள் நாடக மன்றம் நாடெங்கும் கிளை விரித்திருந்தது. வங்காளப் பஞ்சத்தைப் பற்றியும் விடுதலையைப் பற்றியும் அதன் குழுக்கள் தெருமுனைகளில் நின்று பாடின. அந்த அலையில் வந்தவர்தாம் வங்கத்துச் சலீல் சௌத்ரி. 1950களின் பிற்பகுதியில் அவர் இந்த நகரிலேயே பம்பாய் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். அதே ஆண்டுகளில்தான் விக்டர் பரஞ்சோதி என்பவரும் இங்கே மேல்நாட்டு முறையில் ஒரு பெருங்குழுவைத் தொடங்கினார். பெயரைப் பாருங்கள், பரஞ்சோதி! சேர்ந்திசைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது.

சென்னைக்குத் திரும்பிய சீனிவாசன் திரைப்படத் துறையில் புகுந்தார். 1960இல் வெளிவந்த பாதை தெரியுது பார் என்ற படம் அவர் பெயரை நாடறியச் செய்தது. வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கிய படம் அது. தனி முதலாளி ஒருவரின் பணத்தில் அன்றிப் பலர் பங்கு போட்டு எடுத்த படம். பட்டுக்கோட்டையாரும் ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் பாட்டெழுதினர். படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. தென்னங்கீற்று ஊஞ்சலைப் பற்றி ஜெயகாந்தன் எழுதிய பாடலை இன்றும் வீடுகளில் முணுமுணுக்கிறார்கள். யார் இசை என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு, 1961 நவம்பரில், சென்னைப் பரணி ஸ்டூடியோவில் ஓர் இளைஞரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார். சாதிபேதம் வேண்டாம் என்னும் நாராயண குருவின் நான்கு அடிகளை அவரைப் பாடச் செய்தார். அந்த இளைஞர் ஜேசுதாஸ். திரையில் அவர் பாடிய முதற்பாட்டு அதுவே. மலையாளத் திரையுலகம் சீனிவாசனைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. உள்கடல், யவனிகா, எலிப்பத்தாயம் எனப் பேசப்பட்ட படங்கள் பலவற்றுக்கு இசை அவருடையது. தமிழ்த்திரை அவரை அந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. காரணம் என்ன? திரைப்பட இசைக்கலைஞர்களுக்கு அவர் சங்கம் கட்டினார். பிடில் வாசிப்பவரும் தபலா வாசிப்பவரும் உரிய கூலியை உரிய நேரத்தில் பெற வேண்டும் என்று வாதாடினார். நிமாய் கோஷுடன் சேர்ந்து மற்றத் தொழிலாளரையும் திரட்டினார். கூலி உயர்வு கேட்டு எதிரே வந்து உட்காருபவரையே மறுநாள் மெட்டுப் போட அழைக்கும் பெருந்தன்மை எல்லா முதலாளிக்கும் வாய்ப்பதில்லை. இது என் ஊகமே; தவறாயின் திருத்துக.

1977இல் ஜான் ஆபிரகாம் எடுத்த அக்கிரகாரத்தில் கழுதை என்ற படத்தில் கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவரும் இவரே. இசையும் இவரே. ஊர் எள்ளி நகையாடினும் தான் நேசித்த உயிரைக் கைவிடாத அந்தப் பாத்திரத்துக்கு வேறு யாரைத் தேடியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் அவருடைய உயிர் திரையில் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் அமைத்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவில்தான் இருந்தது. யார் அதில் பாடினர்? மேடைப் பாடகர்கள் அல்லர். அலுவலகம் முடிந்து வந்தவர்கள், கல்லூரி முடிந்து வந்தவர்கள், பாட்டை முறையாகப் பயிலாதவர்கள். வந்தவர்களை வைத்தே பாட்டுக் கட்டினார்.

அது எளிய வேலையா? நம் இசை ஒற்றைக் குரலுக்கு என்று வளர்ந்த இசை. ஒரு ராகத்தின் உயிர் அதன் கமகத்தில், அதாவது சுரத்தை அசைக்கும் அசைவில் இருக்கிறது. ஒருவர் அசைத்தால் அழகு. முப்பது பேர் ஆளுக்கொரு விதமாக அசைத்தால் சந்தைக்கடை. ஆகவே மெட்டில் எங்கே அசைவை வைப்பது, எங்கே சுரத்தை நேராக நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அடுத்தது சுருதித் தொல்லை. ஆண்கள் ஒரு கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். ஒருவருக்கு இசைந்தது மற்றவருக்குத் தொண்டையைக் கிழிக்கும். மேல்நாட்டார் இதற்குக் கண்ட வழி, குரல்களை மேல், இடை, கீழ் எனப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வரிசை கொடுப்பது. அவ்வரிசைகள் ஒரே சமயத்தில் ஒலித்து இணக்கம் பெறும். இதை அப்படியே தமிழ்ப்பாட்டில் புகுத்தினால் ராகம் கலைந்துபோகும். சீனிவாசன் இரண்டையும் விடவில்லை. பாரதியின் பாடல்களை எடுத்துக்கொண்டார். மெட்டின் முதுகெலும்பை நம் மண்ணின் ராகத்திலோ நாட்டுப்பாடலிலோ வைத்தார். அதன்மேல் மற்றக் குரல்கள் வந்து சேர்ந்தும் விலகியும் விடையிறுத்தும் செல்லுமாறு அமைத்தார். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பாரதியின் சொல் கேட்கவில்லையானால் பிறகு பாரதி எதற்கு?

தமிழோடு அவர் நிற்கவில்லை. இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களை அக்குழு பாடியது. மொழி புரியாத ஒரு பாட்டை எழுத்து எழுத்தாகக் கற்றுப் பாடும்போது அம்மொழி பேசுபவன் நமக்கு அயலான் ஆவதில்லை. பல மொழி பேசும் நகரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1980களில், பள்ளிப் பிள்ளைகள் பன்மொழிப் பாடல்களைச் சேர்ந்து பாடப் பயிற்றும் முயற்சி நாடெங்கும் நடந்தபோது, அதிலும் அவர் முன்நின்றார்.

குறை இல்லையா என்று கேட்கலாம். சங்கீத ரசிகர் சிலர் இதில் ஆழமில்லை என்பர். ஒருவர் ஒரு மணி நேரம் தோடியை ஆராயும் ஆழம் இதில் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆழத்தைத் தேடி அவர் வரவும் இல்லை. பக்கத்தில் நிற்பவனின் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கவும் உயர்த்தவும் கற்ற முப்பது பேரை உண்டாக்குவதே அவர் நோக்கமாயிருந்தது. சங்கத்தில் அவர் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

1988இல் சேர்ந்திசைப் பணிக்காக இலட்சத்தீவுக்குச் சென்றார். அங்கேயே மார்ச் 9 அன்று மாரடைப்பால் மறைந்தார். வயது அறுபத்திரண்டு. சென்னையில் அவருடைய குழு கலைந்துவிடவில்லை. அவர் கற்றுக்கொடுத்த பாடல்களை அவர் மாணவர்கள் தொடர்ந்து பாடினர்.

விழாவுக்குப் பாட்டுத் தேடும் நம் தோழர்கள், அவர் மெட்டமைத்த பாரதி பாடல்களின் ஒலிப்பதிவுகளை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். நழுவிய எட்டுப் பேரில் ஐவர் திரும்பி வந்துவிட்டோம். கீழ்க்குரலுக்கு இன்னும் இருவர் தேவை.