கோழிக் கட்டியில் கிடைத்த துப்பு. 55 ஆண்டு கழித்து வந்த நோபல்: யார் இந்த பெய்டன் ரவுஸ்?

1909-ம் ஆண்டு. நெஞ்சில் கட்டியோடு ஒரு கோழி நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தது. அதைக் கையில் வாங்கியவர், அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் பெய்டன் ரவுஸ்.

1879-ல் பால்டிமோரில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும்போது, பிரேதப் பரிசோதனையில் விரலைக் கீறிக்கொண்டு காசநோயை வாங்கிக்கொண்டார். உடம்பு தேற டெக்சாஸ் போய் மாடு மேய்த்துவிட்டு வந்துதான் டாக்டர் ஆனார்.

கோழியின் கட்டியை அரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார் ரவுஸ். செல்லே இல்லாத அந்தச் சாற்றை அதே இனக் கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் அதே புற்றுக்கட்டி! அப்படியென்றால் காரணம் வைரஸாகத்தான் இருக்கணும். 1911-ல் முடிவுகள் வெளியாகின. நம்பத்தான் ஆளில்லை. புற்றுநோய் என்ன ஒட்டுவாரொட்டியா, கோழிக்கு வந்தால் மனுஷனுக்கு என்ன என்று ஒதுக்கிவிட்டார்கள். எலிகளில் முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. 1915-ல் அந்த ஆய்வையே கைவிட்டார்.

சும்மா இருக்கவில்லை. ரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் வழியைச் சக ஆய்வாளருடன் கண்டுபிடித்தார். முதல் உலகப் போரில் அது உயிர்களைக் காப்பாற்றியது. 1930-களில் முயல் கட்டி வைரஸ் ஒன்று கைக்கு வர, மறுபடி பழைய பாதைக்கே திரும்பினார்.

நோபலுக்கு அவர் பெயர் முதலில் போனது 1926-ல். கிடைத்தது 1966-ல், 87 வயதில். மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் 1963-லேயே வாங்கிவிட்டார்!

ஆனால், செல்லுக்குள் நடக்கும் மரபணு மாற்றம்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை மட்டும் ரவுஸ் ஏற்கவே இல்லை. நோபல் உரையிலும் அதை எதிர்த்தே பேசினார். 1970-ல், 90 வயதில் காலமானார்.

1976-ல் பிஷப், வார்மஸ் குழு ரவுஸின் வைரஸைத் துருவியது. கட்டியை உண்டாக்கும் 'சார்க்' மரபணு வைரஸுடைய சொந்தச் சரக்கே இல்லை. கோழி செல்லிலிருந்து சுட்டது. நோயில்லாத கோழியிடமும் அது இருக்கிறது. மனிதனிடமும் உண்டு.

இந்த மரபணு தயாரிக்கும் புரதம், 'வளரு, பிரி' என்று செல்லுக்குச் சமிக்ஞை அனுப்பும் சுவிட்ச். மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுவதுதான் அதன் வேலை. இயல்பான செல்லில் தேவைப்படும்போது மட்டும் ஆன் ஆகும். வைரஸ் சுட்ட பிரதியில் ஆஃப் செய்யும் பகுதி காணாமல் போயிருந்தது. அதாவது, ரவுஸ் கடைசிவரை மறுத்த மரபணு மாற்றமேதான்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சுவிட்சை அணைக்கிற இமாடினிப் மாத்திரை, 2001 முதல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.