யார் இந்த கார்னெரின்? பாராசூட் குதிப்பின் முன்னோடி கதை

ஸ்கைடைவிங் லைசென்ஸ் வாங்கியாச்சு, அடுத்து சின்ன, வேகமான பாராசூட்டுக்கு மாறலாமா? கொஞ்சம் பொறுங்க. முதலில் பிரான்ஸின் ஆந்த்ரே-ஜாக் கார்னெரின் பற்றித் தெரிஞ்சுக்கலாம்.

1769-ல் பிறந்தவர். போரில் பிடிபட்டு ஹங்கேரி சிறையில் இருந்தபோதுதான் பாராசூட் யோசனை வந்தது. 1797 அக்டோபர் 22-ல் பாரிஸ் மோன்சோ பூங்காவில் பலூன் மேலேறியது. அதன் கீழே மடக்கிய குடை போல பட்டுத்துணி, அதற்கும் கீழே கூடையில் கார்னெரின். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கயிற்றை அறுத்தார். துணி விரிந்தது. ஆனால் கூடை ஊசல் மாதிரி பயங்கரமாக ஆடியது. காரணம், துணியின் உச்சியில் துளை இல்லை. அடைபட்ட காற்று விளிம்பு வழியாகப் பிதுங்கியது. எப்படியோ காயமின்றி இறங்கிவிட்டார். அவரிடம் பயின்ற ஜீன் லாப்ரோஸ் 1799-ல் குதித்து, பாராசூட்டில் இறங்கிய முதல் பெண் ஆனார்.

1802-ல் லண்டனிலும் கார்னெரின் குதித்தார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ஓவியர் ராபர்ட் காக்கிங். அந்த ஆட்டத்தை நிறுத்த, தலைகீழ்க் கூம்பு வடிவில் தானே ஒரு பாராசூட் செய்தார். எடை 100 கிலோவுக்கும் மேல். அந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை! அதற்கு முன் ஒருமுறைகூடக் குதித்ததும் இல்லை. 1837-ல், 61 வயதில் குதித்தபோது பாராசூட் நடுவானில் நொறுங்கி, உயிரிழந்தார்.

இன்று புதியவர்களிடம் பயிற்சியாளர்கள் முதலில் கேட்பதும் இந்தக் கணக்கைத்தான். உங்கள் எடையோடு கியரின் எடையையும் கூட்டி, பாராசூட்டின் பரப்பால் வகுக்க வேண்டும். விடை கூடக்கூட வேகமும் கூடும்.

கார்னெரின் 1823-லேயே இறந்துவிட்டார். வானத்தில் அல்ல, தரையில். பலூன் வேலையின்போது மரக்கட்டை ஒன்று தாக்கி.